பதினான்கு பொட்டலங்கள்

சாக்கில் குவிந்திருக்கும் பீன்ஸின் மேற்பரப்பை நத்தர்ஷா தொடுவதே இல்லை. முழங்கை மறையும்வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கம்பம் மார்க்கெட்டில் இதைத் தினமும் பார்க்கும் காய்க்கடைக்காரர் பிச்சைமணிக்கு அலுத்துவிட்டது.

“பாத்து பாய், உள்ள பாம்பு கெடக்கு.”

“கெடக்கும். மேலாப்புல நல்லத வச்சுட்டு அடியில ஒன்னைய மாதிரிச் சரக்கத்தான வப்ப.”

வாங்குவது கால் கிலோ. அதற்குள் நான்கு காய்களை ஒடித்து முகர்ந்துவிடுவார். மருந்து வாடை அடித்தால் சாக்கையே தள்ளிவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார். அங்கேயும் கை முழங்கைவரை போகும்.

வயது அறுபத்தொன்று. ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. முப்பத்து நான்கு வருடம் ஒரு மொத்தப் பருப்புக் கடையில் சரக்குப் பார்ப்பது இவருடைய வேலையாக இருந்தது. லாரி வந்து நின்றதும் குத்தூசியோடு ஏறுவார். அது குழிந்த இரும்புக் கம்பி. மூட்டையில் குத்தி இழுத்தால் நடுவயிற்றிலிருந்து ஒரு பிடிப் பருப்பு வரும். அதைத் தாளில் மடித்து, எண் போட்டு, முதலாளியின் மேசையில் வரிசையாக வைப்பார். ஒரே ஒரு வகை மூட்டையை மட்டும் குத்தமாட்டார்: வாய் தைத்து, ஆலையின் முத்திரை உடையாமல் வருவதை. “சீல் இருந்துச்சுன்னா அது கம்பெனிக்காரன் குடுத்த வாக்கு. அதைப் போயிக் குத்துனா நமக்குத்தேன் மரியாதைக் கொறைச்சல்.” அந்தக் கடைத்தெருவில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன் மனைவி மதீனாவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. மகள் ருக்சானா கோயம்புத்தூரில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறாள். நத்தர்ஷா வேலையை விட்டுவிட்டு அடுப்படிக்குள் வந்தார். அதுவரை அவருக்குத் தேநீர்கூடப் போடத் தெரியாது.

செவ்வாயும் வெள்ளியும் தேனியில் டயாலிசிஸ். காலை ஐந்தரைக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் சமையலைச் சுருக்கிக்கொண்டார். இட்லியும் வெங்காயச் சட்னியும். முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் மிளகுத்தூளோடு. வடித்த சோறு, சுரைக்காய்க் கூட்டு, அவித்த கோழியில் நான்கு துண்டு. “நாலு சாமான், ஒரு அடுப்பு, இருவது நிமிசம். இதுக்கு மேல ஒரு சாமான் சேந்தா, அது எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு யாரு பாத்துக்கிட்டு இருக்கிறது?”

சிரமம் காயில்தான். நகத்தளவாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, மறுபடி நிறைய நீரில் வேகவைத்து அதையும் வடித்துவிட வேண்டும். காயில் இருக்கும் பொட்டாசியம் இப்படித்தான் இறங்கும். அது ரத்தத்தில் கூடினால் இதயம் நின்றுவிடும். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் ஜெபஷீலா இதைச் சொல்லிக் கொடுத்தபோது, ஏன் என்று மூன்று முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். வடித்த நீரைச் சாக்கடையில் ஊற்றி, கடைசிச் சொட்டு போகும்வரை நிற்பார். விட்டுவிட்டு வந்தால் யாராவது அதை ரசத்தில் சேர்த்துவிடுவார்களாம். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். திராட்சை, வாழைப்பழம், இளநீர். கம்பத்தில் வேறு என்ன கொண்டுவருவார்கள்? நத்தர்ஷா வாசலிலேயே பையை வாங்கிக்கொள்வார். பொட்டாசியத்துக்குப் பயந்து அது அப்படியே பள்ளிவாசலுக்குப் போகும். வந்தவர் விடைபெற்ற பிறகு மதீனாவின் தலையணையைத் தூக்கிப் பார்ப்பார். தம்ளரை முகர்ந்து பார்ப்பார். தண்ணீருக்கும் அளவு உண்டு என்பதால் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருக்கிறார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எத்தனை மணிக்குக் குடித்தது என்று கேட்பார்.

மதீனாவும் லேசுப்பட்டவர் இல்லை. “செயில்லகூட வாரத்துக்கு ஒருநா நல்ல சோறு போடுறாகளாம்” என்பார். ஒரு காலத்தில் முப்பது பேருக்கு ஒற்றை ஆளாக நின்று பிரியாணி ஆக்கியவர். “இது கூட்டா? தவிட்டத் தண்ணியில கரைச்ச மாதிரி இருக்கு.” உப்பு ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டிதான். நாலு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவார். எடை இறங்கிக்கொண்டே போனது.

அப்போதுதான் தேனியில் ஒரு பெரிய கடையில் அந்த உப்பைக் கண்டார். சோடியம் குறைத்த உப்பு. உறைமேல் சிவப்பாக ஒரு இதயத்தின் படம். விளக்கடியில் கொண்டுபோய் நான்கு மூலையையும் தடவினார். காற்று கசிகிறதா என்று காதருகே வைத்து அமுக்கினார். பூதக்கண்ணாடியை எடுத்துத் தேதியைப் படித்தார். முத்திரை உடையவில்லை. வாங்கிக்கொண்டார். சோடியம் குறைவு என்பதால் கொஞ்சம் தாராளமாகவே போட்டார். மதீனா அன்று தட்டைக் காலி செய்தார், மறுநாளும். இரண்டு வாரம் நத்தர்ஷாவின் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஆறு புள்ளி ஏழு. மருத்துவர் உடனே இதயத் துடிப்பைப் படமெடுக்கச் சொன்னார். “இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா வீட்லயே முடிஞ்சிருக்கும். என்ன சாப்பிட்டாங்க?” ஜெபஷீலா வந்து பட்டியல் கேட்டார். அரிசி, சுரைக்காய், முட்டை, உப்பு என்று நத்தர்ஷா ஒப்பித்தார். தவறே இல்லை. “செவ்வாய்க்கெழம வரும்போது அடுப்படியில இருக்கிற அத்தனையையும் எடுத்துட்டு வாங்க அய்யா” என்றார் ஜெபஷீலா.

வீட்டுக்குள் யாரோ திருட்டுத்தனமாகத் தின்னக் கொடுக்கிறார்கள் என்றுதான் அதை நத்தர்ஷா புரிந்துகொண்டார். திருடர் யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள்தான். தினமும் மாலை நான்கு மணிக்கு வந்து மதீனாவின் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுகிறவர். அவருடைய கைவிரலில் ஒருநாள் தேங்காய் வாடை அடித்ததை நத்தர்ஷா கவனித்து வைத்திருந்தார்.

அன்று மாலை அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

“தங்கச்சி, மதீனாவுக்கு என்னத்தக் குடுத்தீக?”

“என்னத்தக் குடுத்தேன்?”

“மறைக்காதீக. ரத்தத்துல தெரிஞ்சிருச்சு.”

முத்துமாரியம்மாள் படியில் வைத்த காலை இறக்கினார். “முப்பது வருசமா ஒத்தச் செவருக்கு அந்தப்பக்கம் இருக்கேன் ராவுத்தரே. நான் அக்காவுக்கு வெசம் வப்பேன்னு நெனச்சிட்டீகள்ல?” என்றார். திரும்பிப் போய்விட்டார்.

உள்ளேயிருந்து மதீனாவின் குரல் வந்தது: “அல்லா சத்தியமா அவ ஒரு அப்பளத்தக்கூட இங்கன கொண்டாரல. நீங்க யாரைத்தேன் நம்புவீக?”

நத்தர்ஷா வாசற்கதவைத் தாழிட்டார். அடுத்த மூன்று நாளும் நான்கு மணிக்கு மதீனா கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். தட்டை மட்டும் மறுக்காமல் காலி செய்தார்.

திங்கட்கிழமை நத்தர்ஷா பழைய செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்தார். அரிசி ஒன்று, பாசிப்பருப்பு இரண்டு, மிளகு மூன்று என ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அள்ளி, கடையில் மடித்த அதே மடிப்பில் மடித்து எண் போட்டார். முத்துமாரியம்மாள் வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த வடகத்திலும் இரண்டைக் கேட்காமல் எடுத்துப் பன்னிரண்டாம் பொட்டலமாக்கினார். பதின்மூன்று குழாய்த் தண்ணீர், சிறிய பாட்டிலில். பதினான்கு உப்பு. அதைத் தாளில் கொட்ட மனம் வரவில்லை, மீதியிருந்ததை உறையோடு வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மதீனா இயந்திரத்தோடு படுத்திருக்க, ஜெபஷீலாவின் மேசையில் பதினான்கும் வரிசையாக இறங்கின.

“பன்னெண்ட மொதல்ல பாருங்கம்மா” என்றார் நத்தர்ஷா.

ஜெபஷீலா பன்னிரண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கினார். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். கடைசியில் உப்பு உறையைத் திருப்பியவர் அப்படியே நிறுத்தினார்.

“அய்யா, இது எத்தன நாளா?”

“ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சும்மா. சீல் பாத்துத்தேன் வாங்குனேன். சோடியம் கொறச்சது.”

“சோடியத்தக் கொறச்சிட்டு அந்த எடத்துல பொட்டாசியத்தப் போட்டிருக்காங்க. மத்தவங்களுக்குச் சரி. உங்க வீட்டம்மாவுக்கு ஒரு சிட்டிகைகூடக் குடுக்கக் கூடாது.” தேதிக்குக் கீழே இருந்த சின்ன எழுத்து வரியில் விரல் வைத்துக் காட்டினார்.

நத்தர்ஷா பூதக்கண்ணாடியை எடுத்தார். அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் படித்தார். பிறகு, “நான்தேன் போட்டேன்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஜெபஷீலா அதற்குள் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பேருந்தில் மதீனா கேட்டார்: “திருடன் ஆப்புட்டானா?”

“ஆப்புட்டான்.”

“யாரு?”

நத்தர்ஷா சொன்னார். மதீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம், “அதான பாத்தேன், நீங்க ஆக்குனது எப்புடி அம்புட்டு ருசியா இருந்துச்சுன்னு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நத்தர்ஷா பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். முத்துமாரியம்மாள் எழுந்திருக்கவில்லை.

“என்ன, குத்தூசிய எடுத்து வந்திருக்கீகளா? என் வயித்தக் குத்திப் பாக்கணுமா?”

“தப்பு எம்மேலதேன் தங்கச்சி. நான் வாங்குன உப்புத்தேன். ஒங்க வடகத்த வேற ரெண்டு எடுத்துட்டேன்.”

“வடகத்தையுமா?” சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “அக்காவுக்காக வாரேன். ஒங்களுக்காக இல்ல.”

நான்கு மணிக்குக் கட்டிலில் பேச்சு தொடங்கியது. நத்தர்ஷா அடுப்படிக்குப் போனவர், ஏனோ திரும்பி வந்தார். நாற்காலி ஒன்றை அடுப்படி வாசலில் போட்டு, மதீனாவைக் கைத்தாங்கலாக நடத்திவந்து அதில் உட்கார வைத்தார். பின்னாலேயே முத்துமாரியம்மாளும் வந்து நிலையில் சாய்ந்துகொண்டார்.

எண்ணெய் காய்ந்தது. நத்தர்ஷா கடுகை உள்ளங்கையில் கொட்டினார், எண்ணெயில் போடவில்லை. கையை மதீனாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“எனக்கென்னத்துக்குக் காட்டுறீக? கடுகு தெரியாதா எனக்கு?”

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. மதீனா குனிந்து பார்த்துத் தலையசைக்கும்வரை அந்தக் கையை அவர் மடக்கவில்லை.