மாரிகுப்பம் என்றே எழுதிய விண்ணப்பம்

பெங்களூரில் வேலை தேடும் எங்கள் ஊர்க்காரர்கள் பலரும் விண்ணப்பத்தில் அங்குள்ள உறவினர் வீட்டு முகவரியைத்தான் எழுதுவார்கள். மாரிகுப்பம் என்று எங்கள் ஊர்ப்பெயரை எழுதினால், ரயிலை நம்பி வருகிறவன், காலையில் தாமதிப்பான், மாலையில் வண்டிக்கு ஓடுவான் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு நானும் மச்சான் முகவரியில்தான் ஒரு கிடங்கில் எழுத்தராகச் சேர்ந்தேன். வண்டி தாமதமான நாட்களில் சொன்ன பொய்க் காரணங்களைத் தேதியோடு டைரியில் குறித்து வைப்பேன். ஒரே மாதத்தில் ஒரே காரணத்தை இருமுறை சொல்லிவிடக் கூடாதே!

இந்த ஆண்டு தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. படிப்பு முடித்து மாதக்கணக்கில் அழைப்பே வராதிருந்த என் மகள், தான் மிகவும் விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“மாமா ஊட்டு அட்ரஸ் போடும்மா,” என்றேன்.

“இன்னாத்துக்குப்பா? நான் அங்கயா கீறேன்?”

“மாரிகுப்பம்னா கூப்புடவே மாட்டாங்க.”

“கூப்புடலன்னா போவட்டும். தெனம் பொய் சொல்லித்தான் வேல பாக்கணும்னா அந்த ஆபீஸே வாணாம்.”

கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை காணொளியில் நேர்காணல். நானும் மனைவியும் கதவுக்கு வெளியே நின்றோம். இந்த வேலையில் முன்பு இருந்தவர் ஏன் விலகினார் என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டது காதில் விழுந்தது.

“இன்டர்வியூ அவங்க எடுக்குறாங்களா, உங்க பொண்ணு எடுக்குறாளா?” என்றாள் மனைவி.

வெளியே வந்தவளிடம் என்ன பதில் வந்தது என்று கேட்டேன்.

“வேல முடிஞ்சி ஊட்டுக்குப் போனாலும் போன் பண்ணிக்கினே இருந்தோம், அதான் போய்ட்டாங்கன்னாரு மேனேஜர். இப்ப நிறுத்திட்டாங்களாம்.”

“நம்புறியா?”

“தப்ப ஒத்துக்கினாருல்ல. பாதி நம்புறேன்.”

திங்கட்கிழமை காலை அந்த மேலாளரே அழைத்தார். வேலை உறுதி, எப்போது சேருவீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். நானாக இருந்தால் நாளைக்கே என்றிருப்பேன். இவளோ, குழுவில் ஒருவரோடு பேசிவிட்டு மதியத்துக்குள் சொல்கிறேன் என்றாள். அவரும் குழுவில் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த எண்ணில் பேசியது ஒரு பெண். இருபது நிமிடம் தெருவில் நடந்தபடியே பேசிவிட்டு வந்தாள் மகள்.

“தப்பு நடந்தா இன்னா பண்ணுவாங்கன்னு கேட்டேன். அந்தக்கா போன வாரம் பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டாங்களாம். யாரும் கத்தலயாம்ப்பா. எல்லாரும் ஒக்காந்து சரி பண்ணாங்களாம்.”

என் வேலைக்காலம் முழுவதிலும் யாரிடமும் நான் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கலாம் என்றுகூடத் தோன்றியதில்லை. மகள் மேலாளரை அழைத்து, மாரிகுப்பத்திலிருந்து ரயிலில் வருவேன், சில நாள் தாமதமாகும், வண்டியிலிருந்தே தகவல் சொல்வேன் என்றாள்.

“உங்கள் வண்டி எத்தனை மணிக்கு வந்து சேரும்?” என்று கேட்ட அவர், காலைக் கூட்டத்தை அரைமணி தள்ளி வைப்பதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் வேலையில் சேரச் சரி என்றாள்.