மல்லாபூர் குதிரை ராட்டினமும் இரண்டாவது முகவரியும்

போன டிசம்பரில் ஹைதராபாத் போய்வந்தேன் என்றதும் எல்லோரும் சார்மினாரைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் பார்த்ததோ மல்லாபூர் தொழிற்பேட்டையில் ஒரு குதிரை ராட்டினம். ரூட்டர்களைச் சரிசெய்வது என் தொழில். சென்னையில் இருந்தபடியே செய்யலாம்தான். ஆனால் எந்தக் கருவி எந்த இணைய முகவரியில் வெளியே போக வேண்டும் என்று சொல்லும் விதிகளில் தூரத்திலிருந்து கைவைத்து, ஒன்று தப்பினாலும் நாம் உள்ளே போகும் வழியே அடைபட்டுவிடும். அதனால் இரவு ரயில் ஏறினேன்.

காலை எட்டரைக்கு செகந்திராபாத். அங்கிருந்து மெட்ரோவில் ஹப்சிகுடா. பிறகு ஐந்து கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். (ஓரத்து இருக்கை வேண்டாம், சொல்லிவிட்டேன்.)

ராட்டினத் தொழிற்சாலையை நடத்துபவர் சங்கரி அக்கா. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "மொதல்ல சாய் குடி. டென்ஷன் நக்கோ, வேணாம்," என்றார். டென்ஷன் அவருக்குத்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு, கடல் தாண்டி மொம்பாசாவில் பூங்கா நடத்தும் ஒரு பெண்மணி இந்த ராட்டினம் சுற்றுவதை நேரலையில் பார்க்க வேண்டும். பிடித்தால் இன்னும் மூன்றுக்கு ஆர்டர்.

இணைய நிறுவனம் இவர்களுக்கு ஐந்து பொது இணைய முகவரிகள் கொடுத்திருந்தது. ராட்டினத்தைப் படம்பிடித்து அனுப்பும் கேமரா சர்வர் இரண்டாவது முகவரியிலிருந்து வரும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்ததால், மொம்பாசாவில் அதற்கு மட்டும் கதவு திறந்திருந்தது. சர்வரோ ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு சேர்ந்து முதல் முகவரியில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

சர்வருக்கு இரண்டாவது முகவரி என்று தனி விதி எழுதினேன். ஒன்றும் மாறவில்லை.

"கைக்கு? ஏன் மாறல? பண்ணிட்டேன்னியே?" என்றார் அக்கா.

"ரூட்டர் மேல இருந்து கீழ படிக்கும்க்கா. 'எல்லாரும் மொத முகவரில போங்க'ன்னு மேல ஒரு விதி கெடக்கு. அதோட நின்னுருது. நம்ம விதிக்கு வரவே மாட்டேங்கு."

"ஹவ், சரி! அப்ப நம்மளத மேல தூக்கிப் போடு."

போட்டேன். அப்போதும் பழைய முகவரிதான். மணி ஒன்றே முக்கால். பிறகுதான் உறைத்தது: விடாமல் முயன்றுகொண்டிருந்த பழைய இணைப்பு பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். அதை ரூட்டரிலிருந்து அழித்தேன். சர்வர் புதிதாக இணைந்தது, இரண்டாவது முகவரியில்.

திரையில் அந்தப் பெண்மணி தெரிந்தார். ராட்டினம் காலியாகச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "இதை வைத்து நான் என்ன முடிவு செய்வது? ஆட்களை ஏற்றுங்கள்," என்றார் ஆங்கிலத்தில்.

சங்கரி அக்கா கைதட்டி, "அந்தரூ எக்கண்டி!" என்று, எல்லோரையும் ஏறச் சொல்லி, தெலுங்கில் கத்தினார். தொழிலாளர்கள் எல்லோரும் வெல்டிங் முகமூடியைக் கழற்றிவிட்டுக் குதிரைகளை நோக்கி ஓடினார்கள். ஃபிட்டர் யாதகிரி ஏறிய குதிரையில் அவர் முழங்கால் நெஞ்சைத் தொட்டது. "நீ கைக்கு நிக்கிறே? ஏறு!" என்று அக்கா என்னையும் தள்ளினார். சுற்றிவரும்போதெல்லாம் மொம்பாசா சிரிப்பு ஸ்பீக்கரில் கேட்டது. ராட்டினம் நின்றதும் அவர், "மூன்றும் அனுப்புங்கள், ஆனால் இன்னொரு சுற்று காட்டுங்கள்," என்றார்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: தொடுவதற்கு முன் ரூட்டரின் அமைப்பை நகல் எடுத்துவையுங்கள். தனி விதி மேலே, பொது விதி கீழே. பழைய இணைப்புகளை அழித்துவிட்டு, எந்த முகவரி தெரிகிறது என்று வெளியிலிருந்து பாருங்கள். ரயிலுக்கு நேரம் இருந்தால் இரண்டாவது சுற்றும் போங்கள். முதல் சுற்றில் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடியிருந்ததில் நான் எதையுமே பார்க்கவில்லை.