மூன்று கை பனியன்

மதிய உணவு மணி அடித்ததும் என் தோழி தன் டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து ஒரு காக்கித் தாளை உருவி என் பக்கம் தள்ளுவாள். கட்டிங் பிரிவில் துணிக்கு அடியில் விரிக்கும் தாளின் மிச்சம் அது. அதில் பேனாவால் நான்கு கட்டங்கள் போட்டு வரைந்திருப்பாள். கடைசிக் கட்டத்தில் எங்கள் கதாநாயகன் ஏதாவது ஓர் ஆபத்தில் மாட்டியிருப்பான். அடுத்த நான்கு கட்டங்களில் அவனைக் காப்பாற்றி, வேறோர் ஆபத்தில் மாட்டிவிட்டு, தாளை அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது என் முறை.

கதாநாயகன் ஒரு பனியன். தையலில் பிசகி மூன்றாவதாக ஒரு கை முளைத்துவிட்டதால் செக்கிங்கில் கழிக்கப்பட்டு, கம்பெனியிலிருந்து தப்பித்து ஓடிக்கொண்டிருக்கும் பனியன். நாங்கள் இருவரும் அப்போது அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தோம். அவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். நான் உள்ளூர், மாலையில் வேன் ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன். எனக்குப் படம் சுமாராகத்தான் வரும். ஆனால் என் பனியன் பேசும். நாய் துரத்தினால் ஓடிக்கொண்டே, "ஏனுங்க, கொஞ்சம் மெதுவாத் தொரத்துங்க" என்று மரியாதையாகக் கேட்கும். அதை அவள் எங்கள் ஊர் இழுப்பில் வாசிக்கப் பார்த்து, வராமல், சோற்றை விழுங்கவும் முடியாமல் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் வேலைக்கே போனேனோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

பிறகு ஹாஸ்டலில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மதியத்தில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தோழி தன் ஊர் வழக்கில் 'ட்டி' போட்டுச் சொன்னாள்: "இவளும் நம்மகூட வரையட்டும்ட்டி. ஆனா இனிமே எழுத்து வேண்டாம். பாவம், அவளுக்கு வாசிக்கத் தெரியாதுல்லா."

"செரி புள்ள" என்றேன். வேறென்ன சொல்வது? என்னிடம் இருந்ததே எழுத்து மட்டுந்தான் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. ஒடிசாக்காரி நாலே கோட்டில் நாயின் பசியைக் காட்டினாள், பனியனின் வெட்கத்தைக் காட்டினாள். அதைப் பார்த்துத் தோழி சிரித்த சிரிப்பில் என் பங்கு எதுவும் இல்லை. மாலையில் நான் வேனில் உட்கார்ந்திருக்கும்போது இருவரும் கைகோத்து ஹாஸ்டலுக்கு நடந்து போவார்கள். நான் இல்லாத அந்த நேரத்தில் என்ன பேசுவார்கள், பேச மொழியே இல்லாமல் எப்படிப் பேசுவார்கள் என்று வீடு சேரும்வரை நினைத்து வெந்துகொண்டிருப்பேன்.

ஒருமுறை பொறுக்க முடியாமல் என் கட்டங்கள் முழுக்க எழுதி நிறைத்தேன். பனியனைச் சுற்றிப் பேச்சுக் குமிழ்கள், மூச்சுவிட இடமில்லாத அளவுக்கு. தோழி ஒரு பார்வை பார்த்தாள். தாளை ஒடிசாக்காரி வாங்கிக்கொண்டாள். மறுநாள் அவள் வரைந்து வந்ததில், பனியன் அந்தக் குமிழ்களையெல்லாம் பலூன்களைப் போல நூல் கட்டி மூன்று கைகளிலும் பிடித்துக்கொண்டு, நாய்க்கு மேலே, கம்பெனி மதிலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. தோழி கண்ணில் நீர் வரச் சிரித்து அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தனை அழகாக இருந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

தோழி கல்யாணமாகி ஊருக்குப் போனாள். ஒடிசாக்காரியும் பின்னால் தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள். நான் அதே கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனேன். சென்ற மாதம் போனில் பேசும்போது தோழி இயல்பாகச் சொன்னாள்: "பனியன் இப்போ கப்பல்ல ஏறிருச்சு, தெரியுமா?" இத்தனை ஆண்டுகளும் அவர்கள் இருவரும் வரைந்து வரைந்து போனில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"என்னைய எதுக்கு விட்டுட்டீங்க?"

"நீ ஆபீசர் ஆயிட்ட. ஒனக்கு எங்க நேரம்னு நெனச்சோம்ட்டி."

'நெனச்சோம்' என்றாள், 'நெனச்சேன்' இல்லை. அன்றே எங்கள் மூவருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். கப்பல் தட்டில் பனியன் நிற்கும் படம் வந்தது. அடுத்தது என் முறை. மூன்று கட்டங்களைச் சொல்லில்லாமல் வரைந்தேன். நான்காவதில் வேண்டுமென்றே ஒரு குமிழ் போட்டு, தோழிக்கு மட்டும் புரியட்டும் என்று எழுதினேன்: "எங்கூட்டுக்கு எப்ப வருவே?"

பதில் குரலாக வந்தது. "வாரோம்ட்டி, வராம எங்க போவப் போறோம். ரெண்டு பேரும் சேந்தே வாரோம்." தோழிதான் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். பிறகுதான் திரையில் பெயரைப் பார்த்தேன். பேசியது ஒடிசாக்காரி. தமிழை வாசிக்கவும் பழகியிருந்தாள். அந்த இழுப்பு, அந்த 'ட்டி', அப்படியே என் தோழியுடையது. தோழியோடு தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டவள் நான். எனக்கு அந்தப் பேச்சு ஒருநாளும் ஒட்டவில்லை.