அமாவாசை ஆட்டக்காரர்கள்

காஞ்சிபுரம் நகராட்சியில் மேலாளராக இருந்தேன். மாநகராட்சி ஆவதற்கு முந்தைய காலம். சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் மாவட்டக் கைப்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆகிவிடுவேன். மைதானம் கேட்டுச் சங்கச் செயலாளர் கொடுக்கிற மனு, மறுநாள் காலை நகராட்சி மேலாளரின் மேஜைக்கு வரும். இரண்டு பேரும் நான்தான். "உங்க மனுவ நீங்களே தூங்க வெச்சிடுவீங்க போலிருக்குதே" என்று சங்கத்தில் கிண்டல் செய்வார்கள். உண்மையில் அந்த மேஜையில் தூங்காத ஒரே மனு அதுதான்.

எங்கள் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பட்டுத் தறிக்காரர்கள். தறிக்கு அமாவாசைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும். அதனால் எங்கள் போட்டிகள் அமாவாசை மத்தியானத்தில்தான் நடக்கும். "பேய்ங்க கூடவா ஆட்டம்?" என்று கேட்டுவிட்டு வந்த வெளியூர் அணி ஒன்றை வாயே திறக்க முடியாமல் திருப்பி அனுப்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு மீசை துடிக்கிறது.

மற்ற நாட்களில் மைதானம் காலியாகக் கிடக்கும். அதுதான் வம்பாகிவிட்டது. புதிதாக வந்த கமிஷனர் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் ஜீப்பில் போனார். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களின் கார்கள் தெருவை அடைக்கின்றன, மைதானத்தைக் கார் நிறுத்தம் ஆக்கிவிடலாம், கோப்பு தயார் செய்யுங்கள் என்றார். செய்ய வேண்டியவன் நான். பட்டு நெய்கிறவன் ஆடுகிற இடம், பட்டு வாங்குகிறவனின் காருக்கு! வந்த கோபத்தில் பேனா மூடியைக் கடித்தே உடைத்துவிட்டேன்.

"ஒரு அமாவாசை வந்து பாருங்க சார், அப்புறம் கையெழுத்துப் போடுங்க" என்று கெஞ்சினேன். மத்தியானம் மீட்டிங், காலையில் என்றால் வருகிறேன் என்றார். வரும் அமாவாசை ஆட்டத்தைக் காலைக்கு மாற்றி எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை.

அன்று காலை வலை கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு நிற்கிறேன். கமிஷனர் வந்து இறங்கினார். ஆட்டக்காரர் ஒருத்தரும் இல்லை. ஆடுகள் மட்டும் தவறாமல் வந்திருந்தன.

"போட்டின்னீங்களே?"

"வந்துருவாங்க சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மைதானம் போய்விட்டது என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்து அணித் தலைவர் ஓடி வந்தார். நெற்றியில் விபூதி, இடுப்பில் ஈர வேட்டி, கையில் எள் ஒட்டியிருந்தது. பின்னாலேயே மற்றவர்களும் அதே கோலத்தில் வந்தார்கள்.

"இன்னா சார், ஆடி அமாவாசை அன்னைக்குப் போய் காலைல மேட்ச் வெச்சிக்கினு! அப்பாவுக்குத் தண்ணி விட வேணாமா? குளத்தாண்ட அவ்ளோ கூட்டம்!"

எனக்கு அது தோன்றவே இல்லை. என் அப்பா அந்த நேரத்தில் வீட்டில், காபி சூடாக இல்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா இருக்கிறவனுக்கு ஆடி அமாவாசையும் வெறும் மேட்ச் நாள்தான்.

"சாப்பிட்டீங்களா?" என்று கமிஷனர் அவர்களைக் கேட்டார்.

"காக்காவுக்கு வெச்சிட்டுத்தான் சார் எங்களுக்கு. ஒரு செட் ஆடிட்டுப் போறோம். அது காத்துக்கினு இருக்கும்."

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு ஆடினார்கள். விட்டுக்கொடுக்க ஒருத்தருக்கும் மனசில்லை. ஒரு செட் என்றது முழு ஆட்டமாக நீண்டது. கமிஷனர் ஜீப் பக்கமே திரும்பவில்லை. முடிந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தக் குளத்துக்கு எப்படிப் போகணும்? எங்க அப்பாவுக்கு நானும் இன்னும் ஒண்ணும் செய்யலை."

கார்களுக்கு வேறு இடம் பார்த்தார்கள். அதன் பிறகு அந்தப் பேச்சு என் மேஜைக்கு வரவில்லை. ஆடி அமாவாசைக்கு மட்டும் குளத்திலிருந்து நேராக வந்து காலையில் ஆடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். நடுவராக மட்டும் போகிறேன். மைதானம் அப்படியே இருக்கிறது. வீட்டில் காபிக்குச் சண்டை போட ஆள் இல்லை. இந்த ஆடி அமாவாசைக்குத்தான் முதல்முறையாகக் குளத்தங்கரையில் உட்கார்ந்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். நல்ல கூட்டம். மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. இரண்டு அணிகளும் வலைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தன. ஏன் லேட் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யாரோ விசிலை எடுத்து நீட்டினார்கள். ஈரக் கையால் வாங்கி வாயில் வைத்தேன். ஊதக் கொஞ்ச நேரம் பிடித்தது.