தையலோரத்து வெள்ளை

குளிர்காலம் வந்தால் என் பழைய மொக்காசின் ஷூவின் தையலோரத்தில் வெள்ளை பூக்கும். விரல்களுக்கு மேலே, கையால் தைத்த சுருக்கங்களுக்குள், மாவு தூவியதுபோல் ஒரு கோடு. பார்ப்பவர்கள் பூஞ்சை என்று நினைப்பார்கள். அது தேங்காய் எண்ணெய். எத்தனையோ முறை துடைத்துவிட்டேன். டெல்லிக் குளிர் இறங்கியதும் தோலுக்குள்ளிருந்து அது மறுபடியும் வெளியே வந்து உறைந்து நிற்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்வேன். அப்பா பெயிண்டர். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரியோடு டெல்லிக்கு வந்து, சாணக்யபுரி வீடுகளில் பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, வண்ணம் அடித்தவர். தன் காலுக்கு ஷூ வாங்கியதே இல்லை. படிப்பு முடிந்து, பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து எனக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது, அவர் முன்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்த கரோல் பாக் ஷூக் கடை ஒன்றுக்கு என்னைக் கூட்டிப் போனார். கடைக்காரர் காகிதத்தில் என் பாதத்தை வரைந்து எடுத்துக்கொண்டார். அடித்தோலே இரு பக்கமும் மடிந்து மேலேறி, மேல்துண்டோடு கையால் தைக்கப்பட்ட காபி நிற ஜோடி தயாரானது. "தினமும் வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் போட்டுப் பழக்கணும் பேட்டா. விறைப்பா இருந்தா லேசா க்ரீம் தடவு, போதும்" என்றார் இந்தியில்.

எங்கள் வீடு ஒரே அறை. தடித்த சாக்ஸ் மேல் ஷூவை மாட்டி அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்தேன். குதிகாலில் தோல் உரிந்தது. வீட்டுக்குள் யாரும் செருப்புக் காலோடு நடந்ததில்லை என்பதால் அம்மா சாமி படத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்தாள். "சாமிக்கு ஆபீஸ் வேலையெல்லாம் புரியாது, பாக்காம இருக்கட்டும்" என்றாள். நான் நொண்டுவதைப் பார்த்து அப்பா ஷூவைக் கேட்டு வாங்கினார். "க்ரீமாம் க்ரீம். நம்ம எண்ணெய்க்கு முன்னாடி அதெல்லாம் எம்மாத்திரம்?" உறைந்த எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கினார். பூசிய பட்டியைத் தடவிப் பார்க்கிற அதே கட்டைவிரலால் மாலைதோறும் எண்ணெயைத் தேய்த்தார். மடிப்பு, தையல், உள்பக்கம் எதையும் விடவில்லை, அடித்தோலையும் விடவில்லை. உருவம் கெடாமல் இருக்கப் பழைய செய்தித்தாளைத் திணித்துவைத்தார். அவர் செய்தது பலிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஷூ துணிபோல் மிருதுவாயிற்று. கடி நின்றது.

நேர்முக நாளில் பனிமூட்டம். மெட்ரோவிலிருந்து நடந்து போய்ச் சேர்வதற்குள் தையலெல்லாம் வெளுத்துவிட்டது. வரவேற்பறைப் பெண் என் காலைப் பார்த்துவிட்டுத் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். நடுவில் தேங்காய் எண்ணெய் வாசனை மெல்ல எழுந்தது. முடித்து எழுந்தபோது, பால் நிறக் கம்பளத்தில் என் இரண்டு பாதங்களும் கருத்துப் பதிந்திருந்தன. மூன்று பேரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். "தேங்காய் எண்ணெய் சார், என் அப்பா தடவியது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நல்ல ஆங்கிலம்தான். காது மட்டும் எரிந்தது.

வேலை கிடைத்தது. கறை போகவில்லை. நான் சேர்ந்தபோது அதன்மேல் ஒரு பூந்தொட்டி உட்கார்ந்திருந்தது.

வீட்டில் வேலை கிடைத்ததைச் சொன்னேன், கறையைச் சொல்லவில்லை. அப்பா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லத் தொடங்கியிருந்தார். "நான் எண்ணெய் போட்டுப் பதமாக்கிக் குடுத்த ஷூ. அதுலதான் போயி ஜெயிச்சிட்டு வந்தா எம் பொண்ணு." கூட வேலை செய்பவர்கள், மேஸ்திரி, டீக்கடைக்காரர் என்று எல்லோரும் கேட்டாயிற்று. படித்தது நான், பரீட்சை எழுதியது நான். அந்த ஷூ ஒன்றுதான் அவருடைய பங்கு. அதில் எப்படிக் கை வைப்பது?

தீபாவளிக்கு அலுவலகத்தில் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், தோளில் துண்டோடு வந்தார். எல்லோரும் "அங்கிள், அங்கிள்" என்று இனிப்பு கொடுத்தார்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவன், நல்லவன், சிரித்துக்கொண்டே கறைமேல் இருந்த பூந்தொட்டியை நகர்த்தினான். "அங்கிள், உங்க பொண்ணு இந்த ஆபீஸ்ல வச்ச முதல் அடி இதுதான். தேங்கா எண்ணெய்ல." சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே முகத்தில் நிற்க, குனிந்து விரலால் தொட்டார். முகர்ந்தார்.

வேலை முடிந்த வீட்டில் தரையில் ஒரு சொட்டு பெயிண்ட் விட்டு வரமாட்டார் அப்பா. வீட்டுக்காரர் போதும் என்றாலும் துணியால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து, மண்டியிட்டுக் கம்பளத்தைத் தேய்க்கத் தொடங்கினார். யாரோ பதறிப்போய், "அரே பையா, சோடியே" என்றார்கள். விட்டுவிடச் சொன்னது மரியாதையாகத்தான். ஆனால் ஒரு நிமிடம் முன்னால் அங்கிளாக இருந்தவர், தரைக்கு இறங்கியதும் பையா ஆகியிருந்தார். டெல்லியில் வீடு வீடாக வேலைக்கு வருகிறவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

பட்டுப்புடவையோடு நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். பார்த்தவர்கள் பிறகு என்னைப் பாராட்டினார்கள். அதில் பாராட்ட ஒன்றுமில்லை. முகத்தை மறைக்க எனக்கு அந்தத் தரையைத் தவிர வேறு இடம் தெரியவில்லை. அப்பா எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "எண்ணெய் போகாது பாப்பா. பெயிண்டா இருந்தா எடுத்திருப்பேன்."

திரும்பும்போது மெட்ரோவில் ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்பா."

தலையை ஆட்டிக்கொண்டார். அதன்பின் என் ஷூ எதையும் அவர் தொட்டதில்லை. அந்தக் கதையை யாரிடமும் சொன்னதுமில்லை. டீக்கடைக்காரரே ஒருமுறை எடுத்துக் கொடுத்தபோது, "அதெல்லாம் அவ படிப்புங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் எப்போதும் ஆசைப்பட்டுக் கேட்கிற வார்த்தைதான் அது. அன்று அதைக் கேட்டுத் தலை நிமிரவில்லை.

இப்போது ஜனக்புரியில் வாடகைக்கு இருக்கிறோம். பால்கனி உண்டு, காலை வெயில் உண்டு. அலுவலகத்துக்குப் போட வேறு ஷூக்கள் இருக்கின்றன, டப்பாவில் வரும் க்ரீம்தான் தடவுகிறேன். மொக்காசினை மட்டும் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எடுத்து வைப்பேன். அப்பா டீ டம்ளரோடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், ஷூ பக்கம் திரும்பமாட்டார். போன ஞாயிறு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர்ந்து ஷூவின்மேல் விழுந்தது. நான் கவனிக்கவில்லை.

"நிழல் வந்துடுச்சு பாரு" என்றார் அப்பா, தெருவைப் பார்த்தபடியே. "தள்ளி வை."

வெயில் இருந்த இடம் அவர் காலடி மட்டும்தான். அங்கே வைத்தேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. தையலோரத்து வெள்ளை மெல்ல இளகித் தோலுக்குள் இறங்குவதை இரண்டு பேரும் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.