அப்பாவின் கைச்சூடு

அத்தையின் கையில் சக்தி இருக்கிறது என்ற செய்தி, அத்தைக்கு முன்பே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்துவிட்டது. மடுல்சீமை ரோட்டில் பஸ் வராத நாள் உண்டு. செய்தி வராத நாள் கிடையாது.

அத்தை, அப்பாவின் தங்கை. கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை. அந்த வீட்டுக்கார நோனா ஏதோ வகுப்புக்குப் போய், வலிக்கிற இடத்தில் கையை வைத்தே வலியைக் குறைக்கக் கற்றுக்கொண்டு, அதை அத்தைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். தீபாவளிக்கு வந்த அத்தை, அம்மா கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி "வா" என்றதைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அம்மாவுக்குக் கழுத்திலும் தோளிலும் வருஷக்கணக்காக வலி. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில்தான் மாட்டுவார்கள், பாரமெல்லாம் கழுத்துக்கு. பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். திரும்பும்போது பசறை வரைக்கும் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் விழத் தொடங்கியபோது, அதாவது பாதிச் சம்பளம், அவள் சிரிக்கவில்லை. இப்படியே போனால் கொழுந்து பறிக்க மலைக்கே போக முடியாது என்று பயந்தாள்.

அத்தை போட்ட சட்டம் ஒன்றுதான்.

"நடுவுல எந்திரிச்சா சக்தி அறுந்துரும் அண்ணி. அண்ணே, அடுப்ப நீங்கதான் பாத்துக்கணும்."

அப்பா சாமிக்குக்கூட அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. மறுபேச்சில்லாமல் மாவு பிசைய உட்கார்ந்தார். அவர் சுட்ட ரொட்டியைக் கடிக்கத் தனிப் பல் வேண்டும். இன்றுவரை அப்படித்தான், ஆனால் இன்றுவரை சுடுகிறார்.

அத்தை அம்மாவின் உச்சந்தலையில், கயிறு அழுத்தி அழுத்தி முடி கொட்டிய இடத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கழுத்து, தோள். பக்கத்துக் காம்பரா அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, பேய் ஓட்டுறியா?" என்றாள்.

"ஆமா, ஒன்னையத்தான்," என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமலே.

அம்மா சிரித்தபடியே தூங்கிப்போனாள். வெளிச்சம் இருக்கும்போது அவள் தூங்கி நான் கண்டது அன்றுதான்.

அத்தை இருந்த நாளெல்லாம் அந்தியானால் இதேதான். வலி அடியோடு போகவில்லை. ஆனால் காலையில் சுவரைப் பிடித்து எழும்பியவள், பிடிக்காமல் எழும்பினாள். முழுப்பேரும் விழுந்தது. அத்தை நல்லாயிருக்க வேண்டும், புண்ணியவதி!

கொழும்புக்குத் திரும்புவதற்கு முந்திய நாள், அவள் அப்பாவை உட்காரவைத்து, அவருடைய கைகளைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்தாள்.

"சக்திய ஒங்களுக்குக் குடுத்துட்டேன் அண்ணே. இனிமே தெனமும் நீங்கதான்."

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகள். எங்கள் முன்னால் அம்மாவின் விரலைக்கூட அவர் தொட்டதில்லை. வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே அவளுடைய கழுத்தில் வைத்தார்.

"சூடு தெரியுதா?"

"தெரியுதுங்க."

சொன்ன அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஐயோ, சக்தி ஏறவே இல்லை, வலி அம்மாவைக் கொல்கிறது என்று தைலப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அத்தை என்னை வாசலிலேயே மறித்து, போத்தலைப் பிடுங்கி, வெளியே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அம்மாவை இப்படி ஓர் அரைகுறை வைத்தியரிடம் விட்டுவிட்டு வருகிறாளே என்று எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம்.