வோல்ட்டக்காவும் அடாப்டர் வயரும்

ஓடுகிற கம்ப்யூட்டரின் வயர்மேல் மணிக்கட்டின் உட்புறத்தை வைத்து, கண்ணை மூடி, உதட்டுக்குள் இருபதுவரை எண்ணுவாள் வோல்ட்டக்கா. சூடு தாங்காமல் பதினொன்றிலேயே கையை எடுத்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏதோ கோளாறு என்று அர்த்தம். மீட்டரும் வைத்துப் பார்ப்பாள்தான். ஆனாலும், "மீட்டரு நம்பரச் சொல்லும். சூடுதான் உண்மையச் சொல்லும்" என்பாள்.

தெரு வைத்த பெயர் அது. ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, காதோரம் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. கம்ப்யூட்டரை 'இவன்' என்பாள், கொண்டுவந்தவரை 'நீங்க' என்பாள்; கோபம் வந்தால் இரண்டும் இடம் மாறிவிடும்.

அன்று அவளுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தவன் சொந்தத் தம்பி. படங்களை அசையவைப்பது அவன் தொழில். ஆறு மாதம் வேலையில்லாமல் கிடந்தவனுக்கு ஒரு கம்பெனி வாய்ப்புக் கொடுத்திருந்தது. மாலை நாலு மணிக்குள் இரண்டு நிமிடப் படம் போய்ச் சேர வேண்டும். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போதாதென்று நண்பனிடம் இன்னொன்றை வாங்கி, அதற்குக் கரண்ட் கொடுக்க அடாப்டர் வயர் போட்டு மாட்டியிருந்தான். பத்தே நிமிடத்தில் கம்ப்யூட்டர் பெட்டி அணைந்துவிட்டது.

"அடாப்டருக்கு ரெண்டு தலைக்கா. ரெண்டையும் மாட்டித்தான் இருக்கேன், பாரு."

பார்த்தாள். ஹார்ட் டிஸ்குக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரே வயரின் இரண்டு முனைகளில் இரண்டையும் செருகியிருந்தான். ஒரு முனையின் பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பேறியிருந்தது.

"வாய் ரெண்டுடா, தொண்டை ஒண்ணுதான். டிஸ்கு ஒரு மடக்குக் குடிக்கும். இவன் அண்டாவையே காலி பண்றவன்."

"ஒரு மணி நேரந்தானேக்கா, தாங்காதா?"

பெட்டியை வீட்டில் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். குழந்தை தூங்குகிற கட்டிலுக்குப் பக்கத்தில் என்றான். "தீப்பிடிச்சிருந்தா?" என்று பழுப்பேறிய முனையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கடைக் கம்ப்யூட்டரை அணைத்து, அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய பவர் சப்ளையைக் கழற்றித் தம்பியின் பெட்டியில் பொருத்தினாள். பழையதன் வயர் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. புதியதில் முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். கார்டுகளுக்கென்றே தனித்தனியாக வந்த வயர்களை, கார்டுக்கு ஒன்றாக, 'டக்'கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள்.

"இவன் எழுநூத்தம்பது வாட். பெட்டி மொத்தமும் சேர்ந்தாலும் அறுநூறத் தாண்டாது. ஒழுங்கா ஓடுங்க" என்று கார்டுகளுக்கு உத்தரவு போட்டாள்.

கடையிலிருந்தே மூன்றரைக்குப் படம் போய்ச் சேர்ந்தது. நாலரைக்கு, நாளை வேலைக்கு வந்து சேரச் சொல்லிப் பதில் வந்தது. தம்பி சின்னப் பிள்ளையாட்டம் குதித்தான். கிளம்பும்போது மேசையில் கிடந்த அடாப்டரையும் எடுத்துப் பையில் போடப் போனான்.

"இருக்கட்டும்க்கா, எதுக்காவது ஆகும்."

வோல்ட்டக்கா அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். கட்டிங் பிளேயரால் நடுவில் ஒரே வெட்டு. ஒரு துண்டைத் தன் குப்பைக்கூடையில் போட்டாள். "ரெண்டும் ஒரே எடத்துல கெடந்தா எவனாவது ஒட்டவச்சிருவான்" என்றாள். மற்றதை எடுத்துக்கொண்டு வெளியே போய், தெருவைத் தாண்டி, எதிர்க்கடைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.